முதல் ரயிலை நகர்த்தியது எது? கைதிகள், தங்கவயல்கள், வண்டிப்பாதைகள்

வண்டிமாடு:
எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு வினாடி வினா நடத்துகிறேன். இந்த மாதத் தலைப்பு ஆஸ்திரேலியா. கங்காரு, பிராட்மன் என்று கேட்டால் பொடிசுகளே சொல்லிவிடுகின்றன. அதனால் குடியேற்றக் காலத்துக்குள் புகுந்திருக்கிறேன். ஒரு கேள்வியை இங்கே உரசிப் பார்க்கிறேன். தேடாமல் பதில் சொல்லுங்கள்.

ஆஸ்திரேலியாவில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடிய முதல் ரயிலை நகர்த்தியது எது? அ) நீராவி ஆ) குதிரை இ) காளை ஈ) இவை எதுவும் இல்லை.

தண்டவாளம்:
திருச்சி கோட்டத்தில் 34 வருஷம் லைன் பார்த்தவனிடம் ரயில் கேள்வியா? குதிரை. 1854 மே மாதம் தெற்கு ஆஸ்திரேலியாவில் கூல்வாவிலிருந்து போர்ட் எலியட் வரை குதிரை இழுத்தது. நீராவி அதே வருஷம் செப்டம்பர் 12ஆம் தேதி, மெல்பர்னிலிருந்து சாண்ட்ரிட்ஜ் துறைமுகத்துக்கு. நாலு மாதத்தில் குதிரை ஜெயித்துவிட்டது. விடை ஆ.

வண்டிமாடு:
ஐயா, மன்னிக்கணும். விடை ஈ. மனுஷன்.

1836இல் டாஸ்மேனியாவில், அப்போது அதற்குப் பெயர் வான் டீமன்ஸ் லாண்ட், போர்ட் ஆர்தர் என்ற கைதிக் குடியிருப்பின் தலைவர் சார்லஸ் ஓஹாரா பூத் ஒரு பாதை போட்டார். தரன்னாவிலிருந்து லாங் பே வரை சுமார் 7 கிலோமீட்டர். தண்டவாளம் இரும்பு இல்லை, மரம். கப்பல் ரவுல் முனையைச் சுற்றி வர வேண்டியிருந்தது. அந்தக் கடல் பொல்லாதது. அந்தச் சுற்றை மிச்சம் பிடிக்கத்தான் இந்தக் குறுக்குவழி. சாமான்களும் போயின, அதிகாரிகளும் விருந்தாளிகளும் ஏறிப் போனார்கள். தள்ளியவர்கள் கைதிகள். இறக்கம் வந்தால் தள்ளியவர்களே வண்டியில் தொற்றிக்கொள்வார்கள்.

சந்தேகராமன்:
இதையெல்லாம் ரயில் என்று சொன்னால் எங்கள் தெரு இட்லி வண்டியும் ரயில்தான். அதற்கு முன்னால் 1831இலேயே நியூகாசிலில் நிலக்கரிச் சுரங்கத்துக்குத் தண்டவாளம் போட்டார்களே?

வண்டிமாடு:
அதில் நிலக்கரிதான் போனது, ஆள் போகவில்லை. "பயணிகளை" என்று கேள்வியில் சும்மா போடவில்லை, ராமன் சார்.

தண்டவாளம்:
தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராமன், இட்லி வண்டி என்று சிரிக்காதீர்கள். வண்டிமாடு தம்பி சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஆஸ்திரேலியாவில் இல்லை, நம் ஊரில். தண்டவாள ஆய்வாளர் (பி.டபிள்யூ.ஐ.) லைன் பார்க்கப் போகும் புஷ் டிராலி, ஆள் தள்ளும் வண்டி. நாலு டிராலிமேன். இரண்டு பேர் அந்தப் பக்கத் தண்டவாளத்தில், இரண்டு பேர் இந்தப் பக்கம். கை பிடியில் இருக்கும், கால் தண்டவாளத்தின் தலையில் ஓடும். நாலு விரல் அகலமும் இருக்காது அந்த இரும்பு. வெறுங்காலால் ஓடுபவர்களும் உண்டு, சித்திரை வெயிலில். வண்டி வேகம் பிடித்ததும் நாலு பேரும் ஒரே மூச்சில் தாவி உட்காருவார்கள். வேகம் குறைந்தால் மறுபடி குதித்து ஓட்டம். மேலே குடை பிடித்துக்கொண்டு அதிகாரி.

நானும் அந்தக் குடைக்குக் கீழே உட்கார்ந்தவன்தான். அதனால் போர்ட் ஆர்தர் வண்டியை ரயில் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

நல்லூரான்:
வணக்கம் அண்ணை. நான் மெல்பர்னில் 22 வருஷமாக இருக்கிறேன். போன வருஷம் குடும்பத்தோடு தரன்னாவுக்குப் போனோம். காடும் குடாவும் நல்ல வடிவு. மேட்டைப் பார்த்ததும் என்னுடைய சின்ன மகள் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, இறக்கத்தில் பிரேக் பிடிக்கத் தெரியாதவர் வந்தால்?" எனக்குப் பதில் வரவில்லை. மேலே இருக்கிற துரைக்கும் கீழே ஓடுகிற கைதிக்கும் அந்த ஒரு நிமிஷம் உயிர் ஒன்றுதான் என்று பிறகு நினைத்தேன்.

கயல்:
வரலாற்று ஆசிரியை என்ற உரிமையில் நடுவில் புகுகிறேன். கைதிகளைப் பற்றிப் பேசினால் எல்லோரும் சங்கிலி, சவுக்கு என்றே போவார்கள். எனக்கு அதைவிடப் பயங்கரமாகத் தெரிவது ஒரு ஒப்பந்தத் தாள்.

1787 மே 13 அன்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்திலிருந்து முதல் கைதித் தொகுதி, 11 கப்பல்கள், ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பின. ஆர்தர் பிலிப் தலைமையில் எட்டு மாதத்துக்கும் மேல் கடலில் கிடந்து 1788 ஜனவரியில் போய்ச் சேர்ந்தன. அத்தனை நீளப் பயணத்துக்குச் சாவு குறைவு. இரண்டாவது தொகுதி 1790இல் வந்தது. நெப்டியூன், சர்ப்ரைஸ், ஸ்கார்பரோ என்ற மூன்று கப்பல்களில் சுமார் ஆயிரம் கைதிகள். நான்கில் ஒருவர் வழியிலேயே செத்தார். கரை இறங்கியவர்களில் பலரால் நிற்கக்கூட முடியவில்லை. கடல் மாறவில்லை, கப்பலின் வகை மாறவில்லை. மாறியது என்ன?

இந்தத் தடவை அரசு வேலையை வேறு ஒரு தனியார் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டது. கேம்டன், கால்வர்ட் அண்ட் கிங். அடிமை வியாபாரத்தில் பழகிய கை. ஒரு தலைக்கு 17 பவுண்டு 7 ஷில்லிங் 6 பென்ஸ். எப்போது கணக்கு? கைதி ஏறும்போது. இறங்கும்போது உயிரோடு இருக்கிறானா என்று தாளில் எங்கும் கேட்கவில்லை. செத்தவனுக்குச் சோறு போட வேண்டாம், அவன் பங்கு உணவை சிட்னியில் விற்கலாம். கேப்டனைக் கொடூரன் என்று சொல்லி முடித்துக்கொள்வது சுலபம். அவன் கணக்குத் தெரிந்தவன், அவ்வளவுதான்.

பிறகு, கைதியை உயிரோடு இறக்கினால்தான் பணத்தில் ஒரு பகுதி என்று விதி போட்டார்கள். 1814இல் வில்லியம் ரெட்ஃபெர்ன் என்ற மருத்துவர் கப்பல் சாவுகளை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார், அதற்குப் பிறகு ஒவ்வொரு கப்பலுக்கும் அதிகாரம் உள்ள ஒரு மருத்துவர் வந்தார், சாவு நன்றாகக் குறைந்தது. வினாடி வினாவுக்குத் துணுக்கு வேண்டுமா தம்பி? அந்த ரெட்ஃபெர்னே கைதியாக வந்தவர். 1797இல் இங்கிலாந்தில் நடந்த நோர் கடற்படைக் கலகத்தில் சிக்கிய, ஒரு கப்பலின் துணை மருத்துவர்.

சந்தேகராமன்:
நல்ல பதிவு, அக்கா. ஆனால் இழைத் தலைப்பில் தங்கவயல் என்று இருக்கிறதே. கைதிக்கும் தங்கத்துக்கும் என்ன சம்பந்தம்? கைதிக் காலம் முடிந்த பிறகுதானே தங்கம்?

வண்டிமாடு:
அங்கேதான் இருக்கிறது சங்கதி. 1844இல் டபிள்யூ. பி. கிளார்க் என்ற பாதிரியார், பாறை ஆராய்ச்சியும் செய்பவர், நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் கிப்ஸிடம் ஒரு தங்கத் துண்டைக் காட்டினாராம். ஆளுநர் சொன்ன பதில் அங்கே பிரபலம்: "அதை உள்ளே வையுங்கள் கிளார்க், இல்லாவிட்டால் நம் எல்லோருடைய கழுத்தும் அறுபடும்." சுற்றிலும் கைதிகளும் விடுதலையான கைதிகளும். தங்கம் என்ற சொல் வெளியே போனால் எவன் மந்தை மேய்ப்பான்?

ஏழு வருஷம் கழித்து கதை தலைகீழ். கலிபோர்னியாவுக்கு ஜனம் ஓடியதும், ஆளை நிறுத்தி வைக்க அரசே தங்கம் தேடச் சொன்னது. 1851 பிப்ரவரியில் எட்வர்ட் ஹார்கிரேவ்ஸ் பாத்தர்ஸ்டுக்கு அந்தப் பக்கம் தங்கப் பொடி கண்டார், மே மாதம் ஊரே அந்தப் பக்கம். கூட இருந்த ஜான் லிஸ்டரும் டாம் சகோதரர்களும்தான் பிறகு எடுக்கத் தகுந்த அளவு தங்கத்தைக் கண்டவர்கள். பரிசு 10,000 பவுண்டு போனது ஹார்கிரேவ்ஸுக்கு. உழைத்தவன் ஒருவன், மாலை ஒருவனுக்கு.

அந்தக் கூட்டம் எந்த வழியாகப் போனது என்று பாருங்கள். சிட்னிக்கும் பாத்தர்ஸ்டுக்கும் நடுவே இருக்கும் நீலமலைத் தொடரின் (ப்ளூ மவுண்டன்ஸ்) மேல் வில்லியம் காக்ஸ் போட்ட பாதை. 1814 ஜூலையில் தொடங்கி ஜனவரியில் முடிந்தது. 101 மைல், ஆறு மாதம், 30 கைதிகள், காவலுக்கு 8 சிப்பாய்கள். முடித்தால் விடுதலை என்று வாக்கு. இதிலும் கயல் அக்கா சொன்ன அதே விதிதான்: கூலி கடைசியில் என்றால் வேலை பறக்கிறது.

கயல்:
ஒரு சின்னத் திருத்தம். 1851 கூட்டம் முழுவதும் காக்ஸ் பாதையில் போகவில்லை. அந்தப் பாதையில் மவுண்ட் யார்க் இறக்கம் செங்குத்து. வண்டிக்காரர்கள் ஒரு மரத்தை வெட்டி, கிளையோடு வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டே இறங்குவார்கள், அதுதான் பிரேக். நல்லூரானின் மகளுக்கு இதைச் சொல்லுங்கள். அந்த இறக்கத்தைத் தவிர்க்க, தலைமை நில அளவையாளர் தாமஸ் மிட்செல் விக்டோரியா கணவாய் வழியை 1832இல் திறந்தார். அதை வெட்டியவர்கள் காலில் விலங்கோடு வேலை செய்த கைதிக் கூட்டம். தங்கம் தேடிப் போனவன் அந்த விலங்குக் கூட்டம் கட்டிய கல்சுவரின் மேல்தான் நடந்தான்.

வண்டிமாடு:
குறித்துக்கொண்டேன். கேள்வித்தாளை மாற்றுகிறேன்.

நல்லூரான்:
அண்ணை, தங்கம் வந்ததும் கைதிக் கப்பல் நின்றதற்கும் ஒரு தொடர்பு உண்டு. நியூ சவுத் வேல்ஸுக்கு 1840இலேயே நிறுத்திவிட்டார்கள். டாஸ்மேனியாவுக்கு 1853 வரை வந்தது. 1851க்குப் பிறகு லண்டனில் ஒரு கேள்வி எழுந்தது: ஊரெல்லாம் சொந்தக் காசு கட்டித் தங்கம் தேடப் போகிறது, திருடனுக்கு மட்டும் அரசு செலவில் டிக்கெட்டா? அது தண்டனையா, பரிசா?

மெல்பர்ன் அரசோ 1852இல் சட்டமே போட்டது, டாஸ்மேனியாவின் பழைய கைதிகள் உள்ளே வராமல் தடுக்க. கடல் தாண்டி வந்து வயலில் இறங்கிவிடுவார்கள் என்ற பயம்.

ஆனால் எனக்குப் பிடித்த கதை "சக்சஸ்" என்ற கப்பல். 1840இல் பர்மாவில் மோல்மேன் பக்கம் தேக்கில் கட்டியது. 1852இல் குடியேறிகளை ஏற்றி வந்தது. வந்த உடனே மாலுமிகள் எல்லோரும் தங்கவயலுக்கு ஓட்டம். அந்த வருஷம் மெல்பர்ன் துறைமுகம் ஆளில்லாக் கப்பல்களின் காடு. "மார்கோ போலோ" கப்பலை லிவர்பூலிலிருந்து 68 நாளில் கொண்டுவந்த கேப்டன் ஃபோர்ப்ஸ், தன் ஆட்கள் ஓடாமல் இருக்க அவர்கள் மேல் கீழ்ப்படியாமைக் குற்றம் சாட்டி ஜெயிலில் போட்டு, புறப்படும் நாளில் வெளியே எடுத்தார் என்று சொல்வார்கள்.

சரி, சக்சஸ். தங்கம் வந்ததால் குற்றமும் கூடியது, ஜெயிலில் இடம் இல்லை. அரசு என்ன செய்தது? ஓடிப்போன மாலுமிகள் விட்ட கப்பல்களையே வாங்கி வில்லியம்ஸ்டவுனில் மிதக்கும் சிறையாக நிறுத்தியது. சக்சஸ் அதில் ஒன்று. 1857 மார்ச்சில் அந்தச் சிறைகளின் தலைமை அதிகாரி ஜான் பிரைஸை வில்லியம்ஸ்டவுனில் கைதிகள் அடித்தே கொன்றார்கள். அவர் முன்பு நார்ஃபோக் தீவுக் கைதிக் குடியிருப்பின் தலைவராக இருந்தவர், கடுமைக்குப் பெயர் போனவர்.

இனித்தான் வேடிக்கை. 1890இல் அதை ஒருவர் வாங்கி, சிறை அறைகளில் மெழுகுப் பொம்மைகளை வைத்து, "1790இல் கட்டிய உலகின் மிகப் பழைய கைதிக் கப்பல்" என்று கண்காட்சி நடத்தினார். இங்கிலாந்து, அமெரிக்கா எல்லாம் சுற்றியது. லட்சக்கணக்கானோர் காசு கொடுத்துப் பார்த்தார்கள். அது இங்கிலாந்திலிருந்து ஒரு கைதியைக்கூட ஏற்றி வந்ததில்லை! வயதிலும் 50 வருஷப் பொய். கடைசியில் 1946இல் அமெரிக்காவின் ஈரி ஏரியில் எரிந்துபோனது.

சந்தேகராமன்:
ஆஹா, இது எனக்கான கதை. கைதிகளை ஏற்றி வந்த நூற்றுக்கணக்கான நிஜக் கப்பல்கள் மறந்துபோயின, ஏற்றாத ஒன்றுக்கு மட்டும் வாசலில் கூட்டம். மோல்மேன் என்றதும் செட்டிநாட்டு வீட்டுத் தேக்குத் தூண்தான் நினைவுக்கு வருகிறது. எங்கெங்கே போயிருக்கிறது பார் அந்த மரம்.

தண்டவாளம்:
கைதிகளை விட்டு வண்டிக்கு வாருங்கள். கோப் அண்ட் கோ பற்றி யாரும் பேசவில்லையே?

வண்டிமாடு:
வருகிறேன் ஐயா. ஃப்ரீமன் கோப் என்ற அமெரிக்க இளைஞர், கூட மூன்று அமெரிக்கர்கள். 1854 ஜனவரி 30 அன்று மெல்பர்னிலிருந்து ஃபாரஸ்ட் கிரீக், பெண்டிகோ வயல்களுக்கு முதல் கோச் வண்டி. ரகசியம் அடியில் இருந்தது. இங்கிலாந்து வண்டிகளுக்கு எஃகு வில். பள்ளமும் மரவேருமான பாதையில் அது பட்டென்று முறியும். இவர்கள் கொண்டுவந்த அமெரிக்க வண்டியில் வில்லே கிடையாது. பல அடுக்குத் தோல் வாரின் மேல் வண்டியின் உடல் தொங்கும், சேலையில் கட்டிய தூளி மாதிரி. குண்டு குழியில் முன்னும் பின்னும் ஆடும், முறியாது. தோல் பிய்ந்தால் வழியிலேயே தைத்துக்கொள்ளலாம். 10, 15 மைலுக்கு ஒரு தடவை குதிரை மாற்றுவார்கள். மேடு வந்தால் பயணிகள் இறங்கி நடக்க வேண்டும். சேறு என்றால் தள்ளவும் வேண்டும்!

கோப் 1856லேயே ஊர் திரும்பிவிட்டார். பெயர் மட்டும் 1924 வரை ஓடியது. கடைசி வண்டி குயின்ஸ்லாந்தில், யூல்பாவிலிருந்து சூரத் என்ற ஊருக்கு.

தண்டவாளம்:
ரயில் வந்ததும் ஓடிப்போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1862இல் ஏப்ரலில் ஜீலாங்–பல்லாரட் ரயில், அக்டோபரில் பெண்டிகோவுக்கு ரயில். அதே வருஷம் கோப் அண்ட் கோ தலைமையகம் நியூ சவுத் வேல்ஸின் பாத்தர்ஸ்டுக்குப் போய்விட்டது. தண்டவாளம் இல்லாத ஊராகப் பார்த்து.

குதிரை பற்றி ஒரு உபரி: நியூ சவுத் வேல்ஸ் குதிரைகளுக்கு "வேலர்" என்று பெயர் வைத்ததே இந்தியாவில்தான். மதராஸ் பட்டாளத்துக்குக் கப்பல் கப்பலாக வந்தவை.

கயல்:
கோச்சில் ஏற முடியாதவர்களைப் பற்றியும் ஒரு கேள்வி வையுங்கள், தம்பி. 1855இல் விக்டோரியா சட்டம் போட்டது: வந்து இறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் தலைக்கு 10 பவுண்டு வரி, கப்பலின் 10 டன்னுக்கு ஒரு சீனர்தான். கப்பல்காரர்கள் என்ன செய்தார்கள்? எல்லைக்கு அந்தப் பக்கம், தெற்கு ஆஸ்திரேலியாவில் ரோப் என்ற சின்னத் துறையில் இறக்கிவிட்டார்கள். 1857இலிருந்து 16,000க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறங்கினார்கள். அங்கிருந்து பல்லாரட்டுக்கும் பெண்டிகோவுக்கும் நடை, 400 கிலோமீட்டருக்கும் மேல். தோளில் மூங்கில் தடி, இரண்டு முனையிலும் கூடை, நம் காவடி மாதிரி. வரிசையாக ஒருவர் பின் ஒருவர். காசு வாங்கிக்கொண்டு பாதி வழியில் விட்டுப்போன வழிகாட்டிகளும் உண்டு.

அப்படி நடந்து வந்த ஒரு கூட்டம்தான் 1857இல் அராரட்டில் தங்கம் கண்டது. நடக்க வைத்த சட்டமே அவர்களைத் தங்கத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தியது. வேறு எங்கேயும் சட்டத்துக்கு அவர்கள் நன்றி சொல்லக் காரணம் கிடையாது, தெற்கு ஆஸ்திரேலியாவும் அதே வருஷம் அதே வரியைப் போட்டுவிட்டது.

தண்டவாளம் ஐயாவுக்கு ஒன்று: சீனர்கள் கலிபோர்னியாவைப் பழைய பொன்மலை என்றும், ஆஸ்திரேலிய வயல்களைப் புதிய பொன்மலை என்றும் சொன்னார்கள்.

தண்டவாளம்:
என் வீடு இருப்பது பொன்மலையில்! சாயந்திரம் சங்கு ஊதினால் சைக்கிள் கூட்டம் வெளியே வரும் பொன்மலை. 31 வருஷமாக இருக்கிறேன், ஒரு குன்றிமணித் தங்கம் கண்டதில்லை.

ஒட்டகச்சாமி:
தாமதமாக வந்தேன், மன்னியுங்கள். சுரங்க வேலை, ஷிப்ட் முடிந்து இப்போதுதான் வெளிச்சம் பார்க்கிறேன். என் தாத்தா கோலார் தங்கவயலில் இறங்கியவர், நான் கால்கூர்லியில்.

நீங்கள் பேசுவது எல்லாம் தண்ணீர் உள்ள பக்கம். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகள் 1850இல்தான் வரத் தொடங்கினார்கள். கடைசிக் கைதிக் கப்பல் ஹூகூமான்ட், 1868 ஜனவரியில் ஃபிரிமாண்டில் வந்தது. அதில் 62 பேர் அயர்லாந்து விடுதலைப் போராளிகள். அதோடு 80 வருஷக் கதை முடிந்தது, மொத்தம் சுமார் 1,62,000 பேர். எங்கள் பக்கத்துத் தங்கம் 24 வருஷம் கழித்து: கூல்கார்டி 1892, கால்கூர்லி 1893.

இங்கே குதிரை நிற்காது. குதிரைக்குக் கொண்டுபோகும் தண்ணீரையே குதிரை குடித்துத் தீர்த்துவிடும். ஒட்டகம்தான். 1866இல் தாமஸ் எல்டர் கராச்சியிலிருந்து நூற்றுக்கும் மேல் ஒட்டகங்களைப் போர்ட் அகஸ்டாவுக்கு இறக்கினார், கூடவே ஓட்டுபவர்களையும். பலூச்சி, பஞ்சாபி, சிந்தி, பட்டாணி என்று பல பேர். வெள்ளைக்காரனுக்கு எல்லோரும் "ஆப்கன்". நல்ல ஆண் ஒட்டகம் அரை டன் சுமக்கும். மாவு, மண்வெட்டி, தண்ணீர்ப் பீப்பாய், தபால் எல்லாம் அதன் முதுகில்தான். எங்கள் ஹன்னன் தெரு இத்தனை அகலமாக இருப்பதற்கு ஊர்க்காரர்கள் சொல்லும் காரணம், ஒட்டக வரிசை திரும்ப இடம் வேண்டும் என்பது. லாரியை அங்கே ஒடிக்கும்போதெல்லாம் ஒட்டகத்துக்கு ஒரு நன்றி சொல்வேன்.

தண்ணீர் கதை தனி. உப்பு ஏரித் தண்ணீரைக் காய்ச்சி வடித்து விற்றார்கள். பிறகு சி. ஒய். ஓகானர் என்ற பொறியாளர் பெர்த் பக்கத்து மலையில் அணை கட்டி, எட்டு நீராவிப் பம்பு நிலையங்கள் வைத்து, 500 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் போட்டார். தண்ணீர் வராது, பணம் பாழ் என்று ஊர் ஏசியது. 1902 மார்ச்சில் அவர் கடலோரத்தில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். 1903 ஜனவரி 24 அன்று கால்கூர்லியில் தண்ணீர் வந்தது. இன்றைக்குக் காலையில் நான் குளித்ததும் அந்தக் குழாய்த் தண்ணீரில்தான்.

சந்தேகராமன்:
ஒட்டகச்சாமி, இதற்கு மேல் சந்தேகம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு துணுக்கு என் பங்குக்கு. பிரான்சிஸ் கிரீன்வே, கள்ளப் பத்திரம் தயாரித்ததற்காக நாடு கடத்தப்பட்ட கட்டடக் கலைஞர். 1966இலிருந்து 1993 வரை ஆஸ்திரேலியாவின் 10 டாலர் நோட்டில் அவர் முகம். கள்ளக் கையெழுத்துக்காரன் கரன்சி நோட்டில்!

வண்டிமாடு:
ராமன் சார், அதுதான் ஞாயிற்றுக்கிழமை கடைசிக் கேள்வியாக வைத்திருந்தேன். எங்கள் ஊர்ப் பொடிசுகள் இந்த இழையைப் படிக்கின்றன. இப்போது வேறு கேள்வி தேட வேண்டும்.